வரும் கடிதத்தைப் பெறும் இரு வழிகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பழைய காணி உறுதி ஒன்றை விரித்து வாசிப்போர், நிலத்தின் பரப்பும் எல்லைகளும் சொல்லப்பட்ட பின்னர், கிணற்றிலே இத்தனை பங்கு, வழியிலும் வாய்க்காலிலும் இத்தனை பங்கு என வரைந்திருத்தலைக் காண்பர். வற்றாத ஆறு ஒன்றேனும் ஓடாத நாட்டிலே கிணறு ஒருவருக்கு மட்டும் உரியதாய் இருத்தல் அரிது. பங்குகாரர் முறை வைத்து இறைத்தனர். ஒருவர் துலா மிதிக்கும் வேளையில் மற்றவர் தம் முறை வரும்வரை காத்திருந்தார். குடிக்கும் நீரைக் குடத்தில் அள்ளி வீட்டுக்குக் கொண்டு சென்றனர். தோட்டத்துக்குரிய நீரையோ கிணற்றிலேயே வைத்து, வேண்டிய போது வேண்டிய அளவு எடுத்தனர். நிலாவரைக் கிணற்றின் அயலிலே, செம்மண் தோட்டங்களின் நடுவே கிடக்கும் புத்தூர் மக்களுக்கு இவ்விரு முறைகளின் வேறுபாட்டை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வேறுபாடுதான் மின்னஞ்சல் உலகிலும் நாற்பது ஆண்டுகளாக இருந்து வருகின்றது. மின்வழியே வந்து சேரும் கடிதத்தைக் குடத்தில் அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோவது ஒரு முறை. கடிதத்தைக் கிணற்றிலேயே விட்டுவைத்துப் பங்குகாரர் அனைவரும் அங்கேயே பயன்கொள்வது மற்றொரு முறை. முன்னதன் பெயர் பொப். அஞ்சலக நெறிமுறை என்பது அதன் பொருள். பின்னதன் பெயர் ஐமப். மடல்களை அணுகும் நெறிமுறை என அதனைத் தமிழிற் சொல்லலாம்.

புத்தூர்ச் சந்திக்கு அணித்தாக ஒரு சிறு வணிக நிலையம் இருக்கின்றது என வைத்துக்கொள்வோம். சுன்னாகத்திலிருந்து மீசாலைக்குச் செல்லும் வீதி அவ்வூரை ஊடறுத்துப் போகின்றது. பருத்தித்துறை வீதியும் அதனைத் தொட்டுச் செல்கின்றது. ஆகவே வெங்காயத்தையும் மரக்கறியையும் கொழும்புக்கு ஏற்றி அனுப்பவும், விதையும் உரமும் தருவித்து விற்கவும் அது வாய்ப்பான இடம். பனம்பண்டங்களைக் கனடாவிலும் இலண்டனிலும் வாழும் நம்மவருக்கு அனுப்பும் வணிகமும் அதனுடன் சேர்ந்திருக்கலாம். இத்தகைய நிலையம் தன் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்துக்கொள்ள விரும்புகின்றது. அதன் பொருட்டுச் சிறிய வழங்கிக் கணினி ஒன்றையும் அமைக்கின்றது. வரும் கடிதங்களை அவ்வழங்கியிலிருந்து பெறுவதற்கு எந்த நெறிமுறையைத் தெரிவது? கணினி வினைஞரிடம் விட்டுவிட வேண்டிய அற்பக் கேள்வி போல இது தோன்றும். ஆனால் இவ்விரு முறைகளும் பிறந்த வரலாற்றை அறியாதவர், தமக்கு எது பொருந்தும் என்று தீர்மானித்தல் எளிதன்று.

மின்னஞ்சலின் தொடக்க காலத்திலே கடிதத்தைப் 'பெறுதல்' என்ற கேள்வியே எழவில்லை. 1971 ஆம் ஆண்டு அமெரிக்காவிலே றே ரொம்லின்சன் என்பவர் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குக் கடிதம் அனுப்பும் வழியை முதன்முதல் நடத்திக் காட்டினார். முகவரியின் நடுவே இன்று நாம் இடும் சுழிக்குறியைத் தெரிந்தெடுத்தவரும் அவரே. அக்காலக் கணினிகள் பெரியவை. பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் இரவும் பகலும் ஓயாது இயங்கியவை. பலர் ஒரே கணினியை முனையங்கள் வழியே பயன்படுத்தினர். எந்தக் கணினிக்குக் கடிதம் வந்ததோ அந்தக் கணினியிலேயே அதனை வாசித்தனர். தபாற்கந்தோருக்குள்ளேயே குடியிருப்பவன் தபாற்காரனுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை அன்றோ?

1982 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே ஜோன் பொஸ்ரல் என்னும் அறிஞர் கடிதத்தை அனுப்பும் முறைக்கு ஓர் ஒழுங்கை எழுதி வெளியிட்டார். எஸ்.எம்.ரி.பி. என வழங்கும் அந்நெறிமுறை பிற்காலத்திலே பலமுறை திருத்தப்பட்டும் அடிப்படையில் மாறாது இன்றும் உலகமெங்கும் வழங்குகின்றது. அது அஞ்சலோட்டக்காரனைப் போன்றது. ஒரு கந்தோரிலிருந்து மறு கந்தோருக்குக் கடிதப்பையைக் கொண்டுபோய்க் கொடுப்பதோடு அதன் கடமை முடிந்துவிடும்.

அதே காலத்திலேதான் சிறு கணினிகள் மேசை மேல் ஏறத் தொடங்கின. இவை வேலை முடிந்ததும் அணைக்கப்படுபவை. வினாடிதோறும் வலையோடு தொடுக்கப்பட்டிருப்பவை அல்ல. அஞ்சலோட்டக்காரன் வந்து தட்டும் வேளையில் வீட்டுக் கதவு பூட்டிக் கிடந்தால் அவன் என் செய்வான்? எனவே என்றும் விழித்திருக்கும் பெரிய கணினி ஒன்றிலே கடிதத்தைச் சேர்த்து வைத்து, மேசைக் கணினி விழித்தெழும் பொழுது தானே சென்று கேட்டு வாங்கும் வழி வேண்டியதாயிற்று. உப தபாற்கந்தோருக்கு நடந்து சென்று, 'நமக்கு ஏதேனும் வந்திருக்கின்றதா?' என்று கேட்டு, மலாயாவிலிருந்து வந்த கடிதத்தை வாங்கி மடியிற் செருகிக்கொண்டு திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இம்முறை புதிதன்று.

இவ்வழியை வரையறுத்த முதலேடு 1984 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் வெளிவந்தது. எழுதியவர் ஜொய்ஸ் றெனோல்ட்ஸ் என்னும் பெண்மணி. மறு ஆண்டு பெப்ரவரியிலே இரண்டாம் வடிவமும், 1988 நவம்பரிலே மார்ஷல் றோஸ் எழுதிய மூன்றாம் வடிவமும் தோன்றின. இன்று பொப் என்று நாம் சொல்வது அம்மூன்றாம் வடிவத்தையே. 1996 மே மாதத்திலே அதற்கு இறுதி உருவம் கொடுக்கப்பட்டது. அவ்வேடு 23 பக்கங்களே கொண்டது. எளிமையே அதன் சிறப்பு.

பொப் செய்யும் வேலையைச் சில வரிகளிற் சொல்லிவிடலாம். மேசைக் கணினி பெயரையும் கடவுச்சொல்லையும் சொல்லி உள்ளே நுழைகின்றது, பெட்டியில் எத்தனை கடிதங்கள் உள்ளன என்று கேட்கின்றது, ஒவ்வொன்றாக வாங்குகின்றது, வாங்கியவற்றை அழித்துவிடு என்று குறிக்கின்றது, விடைபெறுகின்றது. இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. அழிக்கும்படி குறித்த கடிதங்கள் அக்கணமே அழிவதில்லை. முறையாக விடைபெற்ற பின்னரே வழங்கி அவற்றை அழிக்கின்றது. நடுவிலே தொலைபேசித் தொடர்பு அறுந்துபோனால் கடிதம் அப்படியே பெட்டியில் இருக்கும். தொடர்பு அடிக்கடி அறும் காலத்திலே பிறந்த நெறிமுறை ஆதலின் இத்தகைய முன்னெச்சரிக்கை அதிலே அமைந்திருக்கின்றது. இன்னொரு விதி, ஒருவர் பெட்டியைத் திறந்திருக்கும் வேளையில் வேறொருவர் அதனைத் திறக்கலாகாது என்பது. கிணற்று முறையைப் போலவே, ஒருவர் இறைத்து முடியும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும்.

ஐமப்பின் பிறப்பு வேறு வகையானது. அதனை ஆக்கியவர் மார்க் கிறிஸ்பின். 1986 ஆம் ஆண்டளவிலே ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்திற் பணிபுரிந்த அவர், ஆய்வாளரின் மேசைக் கணினியிலிருந்தபடியே பெரிய கணினியிலுள்ள கடிதப் பெட்டியைக் கையாளும் வழியைத் தேடினார். கடிதத்தை ஏன் எடுத்துவர வேண்டும்? அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். வாசிப்பவன் வேண்டிய பகுதியை மட்டும் கேட்டுப் பெறட்டும் என்பது அவர் எண்ணம். முதல் வடிவத்துக்கு 'இடைக்கால' நெறிமுறை என்றே அவர் பெயரிட்டார். பின்னர் அப்பெயரின் முதற்சொல் இரண்டு முறை மாறியது. இடைக்காலத்துக்கு என்று செய்யப்பட்ட ஒன்று ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நிலைத்துவிட்டது வேடிக்கையே. கந்தோர்களிலே 'தற்காலிக' ஏற்பாடுகள் எத்தனை காலம் நீடிக்கும் என்பதை அறிந்தோருக்கு இது வியப்பளிக்காது.

1988 யூலையில் ஐமப்பின் இரண்டாம் வடிவமும், 1994 டிசம்பரில் நான்காம் வடிவமும் வெளிவந்தன. இதற்கிடையே கிறிஸ்பின் வாஷிங்ரன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றுவிட்டார். 2003 ஆம் ஆண்டில் அவர் திருத்தி வெளியிட்ட ஏடு 108 பக்கங்கள் கொண்டது. பொப்பின் 23 பக்கங்களோடு இதனை ஒப்பிட்டால் இரண்டின் இயல்பும் ஒருவாறு விளங்கும். கடிதம் வாசிக்கப்பட்டதா, பதில் எழுதப்பட்டதா, முக்கியமானதெனக் குறிக்கப்பட்டதா என்னும் அடையாளங்கள் அனைத்தையும் ஐமப்பிலே வழங்கியே வைத்திருக்கின்றது. கோப்புறைகளும் அங்கேயே உள்ளன. கடிதத்தின் தலைப்பை மட்டும் பெறலாம். பெரிய இணைப்பைத் தொடாமல் விடலாம். பத்தாயிரம் கடிதங்களுள் ஒன்றைத் தேடும் வேலையை வழங்கியிடமே ஒப்படைக்கலாம். ஒரே வேளையில் பலர் உள்ளே இருக்கலாம். கிறிஸ்பின் 2012 ஆம் ஆண்டு காலமானார். இன்று கைத்தொலைபேசியிற் கடிதம் வாசிக்கும் கோடிக்கணக்கானோரில் அவர் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே.

இவ்வளவு வசதி ஐமப்பில் இருந்தும், 1990களிலே உலகை ஆண்டது பொப்பே. காரணம் பணம். தொலைபேசி வழியே வலையைத் தொட்டவர்கள் நிமிடக் கணக்கிற் கட்டணம் செலுத்தினர். கடிதங்களை ஒரே மூச்சில் வாங்கிக்கொண்டு தொடர்பை அறுத்துவிட்டு ஆறுதலாக வாசிப்பதே சிக்கனம். சேவை வழங்கிய நிறுவனங்களுக்கோ சேமிப்புத் தட்டின் விலை பெரிய சுமை. வாடிக்கையாளர் கடிதங்களை விரைவாக எடுத்துக்கொண்டு போய்விடுவதையே அவை விரும்பின. ஆக, பொப் வென்றது அறிவினாலன்று, அந்நாளைய விலைவாசியினால் என்றே சொல்ல வேண்டும்.

இலங்கையிலே மின்னஞ்சலின் வரலாறு பல்கலைக்கழகங்களிலிருந்து தொடங்குகின்றது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அபய இந்துருவவின் முயற்சியால் 1990 ஆம் ஆண்டிலே 'லேர்ன்மெயில்' என்னும் சேவை எழுந்தது. கொழும்பு, மொறட்டுவை, பேராதனைப் பல்கலைக்கழகங்கள் தொலைபேசித் தொடர்பின் வழியே கடிதங்களைச் சேர்த்து வைத்து மாற்றிக்கொண்டன. 1995 ஆம் ஆண்டிலே பொதுமக்களுக்கும் வணிகருக்கும் இணையச் சேவை கிடைக்கலாயிற்று.

அதே 1990 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு வேறொன்றைக் கொண்டுவந்தது. யூன் மாதத்திலே போர் மீண்டும் மூண்டதும் மின்சாரம் போயிற்று; தொலைபேசியும் போயிற்று. மின்கலம் கூடக் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, அதன் டைனமோ தரும் சிறு மின்னோட்டத்தில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை இன்றும் குடாநாட்டில் வாழ்கின்றது. கொழும்பிலே மின்னஞ்சல் அரும்பிய அக்காலத்தில் புத்தூரிலே காகிதக் கடிதம் வந்து சேர்தலே பெரும்பேறாக இருந்தது. ஒரு கடிதம் வாரங்கள், சிலவேளை மாதங்கள் கடந்து வரும். வெளிநாட்டிலிருந்து வரும் மகனின் கடிதத்திலே அவன் கேட்கும் கேள்விக்குரிய பதில், கடிதம் கிடைக்குமுன்பே பழையதாகிவிடும்.

2002 பெப்ரவரியிலே போர்நிறுத்த உடன்பாடு கைச்சாத்தாகி, ஏப்பிரலில் ஏ-9 பாதை திறந்த பின்னர், தொலைபேசி வலைகள் விரிந்தன. யாழ் நகரிலும் அயலூர்களிலும் இணையக் கடைகள் முளைத்தன. 2006 ஓகஸ்டில் பாதை மீண்டும் மூடுண்டது. 2009 மே மாதத்திற் போர் முடிந்தது. இக்காலப் பகுதியிலே யாழ்ப்பாணத்தவர் பெரும்பாலோர் கண்ட முதல் மின்னஞ்சல், இணையக் கடையின் நாற்காலியில் அமர்ந்து வலைப்பக்கம் ஒன்றின் ஊடாக வாசித்த மின்னஞ்சலே. சபீர் பாட்டியாவும் ஜக் ஸ்மித்தும் 1996 ஆம் ஆண்டு தொடங்கிய ஹொட்மெயில் போன்றவை அவை. வீட்டிற் கணினி இல்லாதவனுக்குக் கடிதத்தை எடுத்துச் செல்ல ஒரு குடம் இல்லை. அது கிணற்றிலேயே கிடக்க வேண்டியதாயிற்று. மேலைநாட்டார் பத்து ஆண்டுக்கு மேல் வாழ்ந்த பொப் யுகத்தைக் குடாநாடு பெரும்பாலும் வாழாமலே கடந்துவிட்டது. எனவே பொப் முறையின் தீங்குகளைப் பட்டறிந்தவர் இங்கே குறைவு. புதிதாக வழங்கி அமைப்போர் அதன் எளிமையைக் கண்டு மயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம்.

அத்தீங்குகளுள் முதன்மையானது யாது? எடுத்துச் சென்ற கடிதத்தின் ஒரே பிரதி ஒரே கணினியில் இருத்தல். 'வழங்கியில் ஒரு பிரதியை விட்டுவை' என்று மென்பொருளுக்குச் சொல்ல முடியும் என்பது மெய்யே. ஆயினும் அது பொப் நெறிமுறையின் இயல்புக்கு மாறானது. எது வாசித்தது, எது வாசியாதது என்னும் குறிப்பை வழங்கி வைத்திருப்பதில்லை. பழைய கடிதங்கள் பெட்டியிற் குவியக் குவிய ஒவ்வொரு முறையும் அவற்றைக் கணக்கெடுக்க வேண்டிவரும்.

ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பதன் பொருளை யாழ்ப்பாணத்தவர் ஏட்டிற் படித்து அறிய வேண்டியதில்லை. 1981 ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவிலே யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது 97,000 வரையிலான நூல்களும் வேறெங்கும் பிரதியில்லாத ஓலைச்சுவடிகளும் சாம்பராயின. அச்சு நூல்களுட் பல பின்னர் வேறிடங்களிலிருந்து மீண்டும் கிடைத்தன. சுவடிகள் கிடைக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. அன்று மக்கள் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பொலித்தீன் பையிற் சுற்றிக்கொண்டு போயினர். கடைகளின் கணக்குப் புத்தகங்களையும், கொடுக்கல் வாங்கற் கடிதக் கட்டுகளையும் தூக்கிச் செல்ல எவராலும் இயலவில்லை. மாதங்கள் கழித்துத் திரும்பியபோது, யார் எவ்வளவு தரவேண்டும் என்பதற்கு ஞாபகமன்றி வேறு சான்று இல்லாது போனோர் பலர்.

இந்நோக்கிலே பார்க்குமிடத்து ஐமப்பே தக்கது என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அங்கும் ஒரு கண்ணி இருக்கின்றது. கடிதங்கள் அனைத்தும் வழங்கியிலேயே இருக்குமாயின், அவ்வழங்கி எங்கே இருக்கின்றது என்பதே அடுத்த கேள்வி. புத்தூர்க் கடையின் பின்னறையிலே அது இருப்பின், கிணறும் குடமும் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டன. தீயும் வெள்ளமும் மின்னலும் இரண்டையும் ஒருங்கே கொண்டுபோகும். மேலும், ஐமப்பிலே ஒருவர் ஒரு கடிதத்தை அழித்துத் துப்புரவாக்கினால் அது எல்லோருக்கும் அழிந்துவிடும். கைத்தொலைபேசியிலே தவறுதலாக விரல் பட்டு நீங்கிய கடிதம் கடைக் கணினியிலும் நீங்கும். ஐமப் என்பது காப்புப் பிரதி அன்று. இதனைப் பலர் உணர்வதில்லை.

மின்வெட்டும் கணக்கிற் கொள்ள வேண்டியது. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் போது, மார்ச் மாத இறுதியிலே நாடெங்கும் ஒரு நாளிற் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. கடையிலிருந்த வழங்கி அவ்வேளையில் அணைந்து கிடக்கும். ஐமப் வழியே பழைய கடிதத்தைக் கூடப் பார்க்க இயலாது. அப்படியாயின் அந்நேரத்தில் வரும் கடிதங்கள் தொலைந்துபோகுமா? இல்லை. இங்கே பொஸ்ரல் வகுத்த அஞ்சலோட்டக்காரனின் பொறுமை கைகொடுக்கின்றது. கதவு பூட்டியிருந்தால் அனுப்பும் கணினி கடிதத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் வந்து தட்டும். குறைந்தது நான்கு ஐந்து நாட்களாவது முயலாமற் கைவிடலாகாது என்பது எஸ்.எம்.ரி.பி. ஏட்டின் அறிவுரை. ஆதலின் பதின்மூன்று மணித்தியாலம் ஒரு பொருட்டன்று. தாமதம் உண்டு, இழப்பு இல்லை. ஆனால் வாசிக்கும் மென்பொருள் கடிதங்களின் பிரதியைத் தன்னிடமும் வைத்திருக்கும்படி அமைத்துவிட்டால், வழங்கி இருளிற் கிடக்கும்போதும் முன்பு வந்தவற்றைக் கைத்தொலைபேசியில் வாசிக்கலாம். தொடர்பில்லாதபோதும் பணியைத் தொடர்ந்து, பின்னர் இணைந்து ஒத்துக்கொள்ளும் இம்முறையைக் கிறிஸ்பின் 1994 ஆம் ஆண்டிலேயே விளக்கி எழுதியிருக்கின்றார்.

இனி, கடைக்குள்ளே நிகழ்வதைப் பார்க்கலாம். தமையன் முன்கடையில் இருக்கின்றார்; தம்பி களஞ்சியத்திலும் தோட்டங்களிலும் திரிகின்றார்; கணக்கெழுத ஒரு பெண் பிள்ளை வருகின்றாள். கொழும்புத் தரகர் வெங்காயத்தின் விலை கேட்டுக் கடிதம் எழுதுகின்றார். பொப் முறையிலே அக்கடிதம் முதலிற் பெட்டியைத் திறந்த கணினிக்குப் போய்விடும். தமையன் அதனைக் கண்டு, பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டால் தம்பிக்கு அப்படியொரு கடிதம் வந்ததே தெரியாது. இருவருக்கும் பிரதி கிடைக்கும்படி செய்தாலோ, ஒருவர் ஒரு விலையும் மற்றவர் வேறு விலையும் எழுதிவிட இடமுண்டு. அனுப்பிய கடிதத்தின் பிரதியும் அனுப்பியவர் கணினியிலேயே நின்றுவிடும். பொப்புக்கு வருகைப் பெட்டி ஒன்றைத் தவிர வேறு கோப்புறை தெரியாது. ஐமப்பிலோ, கடிதத்துக்குப் பதில் எழுதப்பட்டது என்னும் அடையாளத்தை மூவரும் காண்பர். எழுதிய பதிலும் பொதுக் கோப்புறையில் இருக்கும். கூட்டுக் கிணற்றின் பங்குகாரருக்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டா.

சட்டமும் இவ்விடயத்தில் ஒரு சொல் சொல்கின்றது. இலங்கையின் 2006 ஆம் ஆண்டு 19 ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், மின்னணு வடிவில் இருப்பதனாலேயே ஒரு பதிவு செல்லாததாகிவிடாது என ஏற்றுக்கொள்கின்றது. எழுத்தில் இருக்க வேண்டியது மின்னணு வடிவில் இருக்குமாயின், அது பிற்காலத்தில் எடுத்துப் பார்க்கக்கூடியதாய் இருத்தல் வேண்டும். விலை பேசிய கடிதம் பழுதாகிப்போன ஒரு மடிக்கணினியோடு மறைந்துவிட்டால், சட்டம் தந்த மதிப்பினால் வணிகருக்கு என்ன பயன்?

பொப் முற்றிலும் பயனற்றது எனச் சொல்லுதலும் நியாயமன்று. ஒருவர், ஒரு கணினி, வாடகைக்கு எடுத்த சிறிய இடம் என்னும் நிலையில் அது இன்றும் போதுமானதே. மனிதர் வாசியாது, இயந்திரமே கடிதங்களை வாங்கிக் கணக்கு மென்பொருளுக்கு ஊட்டும் இடங்களிலும் அதன் சுருக்கம் நன்மை தருகின்றது. தன் கடிதம் பிறர் கணினியில் நெடுநாள் கிடக்கலாகாது என்று கருதுவோரும் அதனை விரும்புவர். அக்கருத்தை எள்ளி நகையாடுதற்கில்லை.

எந்த நெறிமுறையாயினும் ஒன்றில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. இரண்டும் தோன்றிய நாட்களிலே கடவுச்சொல் மூடாத தபாலட்டை போலத் திறந்தபடி சென்றது. பொப்புக்கு 110, ஐமப்புக்கு 143 என அன்று குறித்த வாயில் இலக்கங்களுக்குப் பதிலாக, மறைகுறியாக்கிய தொடர்புக்கு முறையே 995, 993 என்னும் வாயில்கள் வழக்கிலுள்ளன. தொடக்கத்திலிருந்தே மறைகுறியாக்கம் செய்த தொடர்பையே கொள்ளுமாறு 2018 சனவரியில் வெளிவந்த ஏடு அறிவுறுத்துகின்றது. புத்தூர் வணிகர் பழைய வாயில்கள் இரண்டையும் மூடிவைப்பதே நன்று.

தமிழுக்கு இதிலே என்ன இடம் என்று நேயர் கேட்கலாம். கடிதத்தின் உள்ளுடல் தமிழில் இருத்தலுக்கு 1992 ஆம் ஆண்டு வந்த மைம் என்னும் ஒழுங்கும், தமிழெழுத்துகளுக்கு இடமளித்த ஒருங்குறியும் வழி செய்தன. ஆனால் ஐமப்பிலே 'வெங்காயம்' என்றோ 'கொழும்புக் கணக்கு' என்றோ கோப்புறைக்குப் பெயரிட்டால், நெடுங்காலமாக வழங்கி அதனை உரோம எழுத்துகளின் விசித்திரக் கோவையாக உள்ளே மாற்றி எழுதிக்கொண்டது. 2021 ஓகஸ்டில் வெளிவந்த திருத்திய ஏட்டிலேதான் இத்தகைய பெயர்களை நேராக எழுதும் வழி செம்மையாக அமைந்தது. '.இலங்கை' என்னும் தமிழ் ஆட்களப் பெயர் 2010 ஆம் ஆண்டிலும், பிறமொழி எழுத்துகளில் மின்னஞ்சல் முகவரி அமைக்கும் விதிகள் 2012 ஆம் ஆண்டிலும் வந்துவிட்டன. எனினும் வணிகர் தம் பெயர்ப்பலகையிலே தமிழ் முகவரியை எழுதும் வழக்கம் இன்னும் பரவவில்லை. எழுதினாலும் எதிர்ப்புறத்திலுள்ள வழங்கி அதனை ஏற்கும் என்பதற்கு உறுதியில்லை.

வணிகர் எடுக்க வேண்டிய முடிவு இவற்றிலிருந்து பெறப்படும். மூவர் பங்குகொள்ளும் பெட்டிக்கு ஐமப் வேண்டும். வழங்கியிலுள்ள கடிதக் கோப்புகள் முழுவதும் நாள்தோறும் வேறோர் ஊரிலுள்ள கணினிக்குப் படியெடுக்கப்பட வேண்டும். சுன்னாகத்து உறவினர் வீடும் ஆகலாம், கொழும்பிலே வாடகைக்கு எடுத்த இடமும் ஆகலாம். புத்தூரிலே மட்டும் இருத்தலாகாது. படியெடுப்பதற்குப் பொப்பை நம்புதலும் கூடாது. கோப்புறைகளை அது அறியாது. ஆகையால் வருகைப் பெட்டிக்கு அப்பாற்பட்டவை விடுபட்டுப்போகும். சில மணித்தியாலம் தாங்கும் மின்கலத் தொகுதி ஒன்றை வழங்கியின் அருகில் வைத்தல் செலவுக்கேற்ற பயன் தரும்.

செலவென்று பார்த்தால் மென்பொருளுக்குக் காசு வேண்டியதில்லை. பின்லாந்து நாட்டுத் திமோ சிறெய்னென் 2002 ஆம் ஆண்டு வெளியிட்ட டோவ்கொட் என்னும் வழங்கி மென்பொருளை யாரும் விலையின்றி எடுத்துப் பயன்படுத்தலாம். அது பொப்பையும் ஐமப்பையும் ஒருங்கே பேச வல்லது. இன்று ஐமப்பை மட்டும் திறந்து வைத்து, பின்னர் கணக்கு மென்பொருள் ஒன்று பொப்பை வேண்டினால் அதற்கென ஒரு தனிப்பெட்டியை அமைத்து, அப்பெட்டிக்கு மட்டும் பொப் வாயிலைத் திறந்துவிடுதல் ஒரு பிற்பகல் வேலையே.